மக்கள்தொகை அமைப்பும் நோய்ச் சுமையும்

2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறையின் அறிக்கையில் ஒரு புதிர் காணப்படுகிறது. அவ்வாண்டில் கேரளத்தில் ஆயிரம் பேருக்கு 7.0 பேர் இறந்தனர்; பீகாரில் ஆயிரம் பேருக்கு 5.4 பேர் இறந்தனர். இவ்விரு எண்களை மட்டும் கண்ட ஒருவர், கேரளத்தைவிடப் பீகாரே நலம் மிக்க மாநிலம் என்று முடிவு செய்யக்கூடும். அதே அறிக்கையின் மற்றொரு பக்கம் வேறு செய்தியைச் சொல்கிறது. உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் முதற்பிறந்தநாளைக் காணாமல் இறந்தோர் கேரளத்தில் 6 பேர். பீகாரில் 27 பேர்.

இரண்டு செய்திகளும் உண்மையே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கேரள மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காட்டினர், பீகாரில் 7.4 விழுக்காட்டினர். முதியோர் மிகுந்த இடத்தில் இறப்பும் மிகுதியாகவே இருக்கும். பிள்ளைப் பருவத்து நோய்களிலிருந்து பிழைத்து, நெடுங்காலம் வாழ்ந்து முதுமை எய்தியோர் பலர் இருப்பதனாலேயே கேரளத்தின் இறப்பு வீதம் உயர்ந்து தோன்றுகிறது. தமிழ்நாட்டின் நிலையும் இதற்கு நெருக்கமானது. 2020இல் இங்கு இறப்பு வீதம் 6.1, நாட்டின் சராசரி 6.0. ஆனால் சிசு இறப்பு வீதம் நாட்டளவில் 28ஆக இருக்க, தமிழ்நாட்டில் 13ஆக இருந்தது.

ஒரு சமுதாயத்தின் நோயையும் இறப்பையும் அளக்க முனையும் செவிலியர், முதலில் அச்சமுதாயம் எத்தகைய மக்களால் ஆனது என்பதை அறிந்துகொள்ள வேண்டியிருப்பது இக்காரணத்தினால்தான்.

நைட்டிங்கேல் செய்த ஒப்பீடு

கிரிமியப் போரின்போது 1854ஆம் ஆண்டு இறுதியில் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கேந்திய மங்கையாகவே பலரும் அறிவர். போர் முடிந்து நாடு திரும்பிய பின் அவர் ஆற்றிய பணி அதனினும் பெரிது. பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆராய்வதில் வல்லவரான வில்லியம் ஃபார் என்பாருடன் சேர்ந்து, படைவீரர்களின் இறப்புக் கணக்குகளை அவர் ஆராய்ந்தார். காயங்களால் மாண்டோரைவிடத் தடுக்கக்கூடிய தொற்றுநோய்களால் மாண்டோரே மிகப் பலர் என்பதை 1858இல் அவர் வெளியிட்ட வட்ட வடிவ வரைபடம் காட்டியது. அவ்வரைபடம் இன்றும் புகழ்பெற்று விளங்குகிறது.

வரைபடத்தைக் காட்டிலும் மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டியது அவர் செய்த ஓர் ஒப்பீடு. அமைதிக் காலத்தில், இங்கிலாந்து மண்ணிலேயே பாசறைகளில் தங்கியிருந்த வீரர்களின் இறப்பு வீதம், படைப்பிரிவுக்கேற்ப ஆயிரத்திற்கு 17, 19, 20 என இருந்தது. முதியோரும் குழந்தைகளும் கலந்த பொதுமக்களின் வீதத்தோடு இதனை ஒப்பிட்டிருந்தால் பெரிய குறை எதுவும் தோன்றியிராது. நைட்டிங்கேல் வீரர்களை, அதே வயதுடைய பொதுமக்களோடு ஒப்பிட்டார். அவர்களிடையே இறப்பு வீதம் 11 மட்டுமே. உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள், தேர்ந்தெடுக்கப்படாத இளைஞர்களைவிட மிகுதியாக இறந்துகொண்டிருந்தனர். காற்றோட்டமற்ற பாசறைகளும் கழிவுநீரும் அதற்குக் காரணங்களாக இருந்தன. இந்தியாவில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படையினரிடையே இவ்வீதம் ஆயிரத்திற்கு 69 என 1863ஆம் ஆண்டு ஆணைய அறிக்கை கூறிற்று. நைட்டிங்கேல் இந்தியாவிற்கு ஒருமுறையேனும் வந்தவரல்லர். பாசறைகளிலிருந்து தருவித்த பதிவுகளைக் கொண்டே இந்நாட்டின் நலவாழ்வைப் பற்றி நெடுங்காலம் எழுதினார்.

மக்கள்தொகையின் அமைப்பு

வயது, பால் ஆகிய இரண்டும் மக்கள்தொகை அமைப்பின் அடிப்படைக் கூறுகளாகும். ஒவ்வொரு வயதுப்பிரிவிலும் உள்ள ஆண்களை இடப்புறமும் பெண்களை வலப்புறமும் பட்டைகளாக அடுக்கி வரையும் படம் வயது-பால் கூம்பு எனப்படும். பிறப்பும் இறப்பும் மிகுந்த மக்கள்தொகையில் அடி அகன்றும் நுனி குறுகியும் அது அமையும். பிறப்பு குறையக் குறைய அடிப்பகுதி சுருங்கி, நடுப்பகுதி பருத்துக் காணப்படும். பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் ஓர் ஊரின் கூம்பைக் கண்டவுடனேயே, அங்குத் தடுப்பூசித் தேவை மிகுதியா, கண்புரைச் சிகிச்சைத் தேவை மிகுதியா என்பதை ஓரளவு ஊகித்துவிடுவார்.

ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பதைப் பாலின விகிதம் குறிக்கும். 2011இல் இது இந்தியாவில் 943, தமிழ்நாட்டில் 996, கேரளத்தில் 1084. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடையே தனியாகக் கணக்கிடும்போது அது குழந்தைப் பாலின விகிதம் ஆகும். இயற்கையில் ஆண் குழந்தைகள் சற்று மிகுதியாகவே பிறப்பதால், இவ்விகிதம் 950ஐ ஒட்டி அமைவது இயல்பு. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் இது 849ஆக இருந்தது. நூறு ஆண் குழந்தைகளுக்குப் பத்துப் பெண் குழந்தைகள் வரை காணாமற்போயிருந்தனர் என்பதே இதன் பொருள். அடுத்த ஆண்டே தொட்டில் குழந்தைத் திட்டம் அம்மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது; கருவிலுள்ள குழந்தையின் பாலை அறிவித்தலைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. கூம்பின் அடியில் ஒருமுறை விழுந்த இத்தகைய பள்ளத்தைப் பின்னர் நிரப்ப இயலாது. ஆண்டுகள் செல்லச்செல்ல அது மேல்நோக்கி நகரும். முதலில் பள்ளி வகுப்பறையிலும், பின்னர் மண வயதிலும், இறுதியில் முதுமையிலும் அப்பெண்கள் இல்லாமை தெரியும்.

பதினைந்து வயதிற்குட்பட்டோரும் அறுபது வயதைக் கடந்தோரும், உழைக்கும் வயதினருள் நூறு பேருக்கு எத்தனை பேர் உள்ளனர் என்பதே சார்ந்திருப்போர் விகிதம். இதனைக் குழந்தைகள், முதியோர் எனப் பிரித்துப் பார்த்தாலன்றிப் பயன் குறைவு. இருவருக்கும் வேண்டிய பராமரிப்பு ஒன்றன்று.

பகுதியில் யார் உள்ளனர்?

வீதம் என்பது ஒரு பின்னம். இறப்போ நோயோ அதன் தொகுதியில் அமைகிறது. அந்த நிகழ்வுக்கு ஆட்படக்கூடிய மக்கள் அனைவரும் அதன் பகுதியில் அமைகின்றனர். தொகுதியைச் சேகரிக்க எல்லாரும் முயல்கின்றனர். பகுதியைப் பற்றிக் கவலைப்படுவோர் சிலரே. பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

தமிழகத்தில் தலைப்பிரசவத்திற்குப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வது வழக்கம். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, நிகழ்வு எங்கு நடந்ததோ அங்கேயே 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். எனவே கணவனின் ஊரில் கருவுற்றவராகப் பதிவு பெற்ற பெண்ணின் குழந்தை, வேறோர் ஊரின் பிறப்புப் பதிவேட்டில் இடம்பெறுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்த நகரத்தின் இறப்புப் பதிவேட்டிலோ, சுற்றியுள்ள மாவட்டங்கள் பலவற்றிலிருந்து கடைசி நேரத்தில் கொண்டுவரப்பட்டோர் பெயர்களும் சேர்ந்துவிடுகின்றன. பதிவேட்டை அப்படியே கொண்டு வீதத்தைக் கணக்கிட்டால், மருத்துவமனை உள்ள நகரமே நோய் மிகுந்த நகரமாகத் தோன்றும். இத்தகைய மயக்கத்தைத் தவிர்க்க, இறந்தவர் வழக்கமாக வசித்த முகவரியைக் கொண்டு கணக்கிடுதல் வேண்டும்.

இடம்பெயர்ந்து வாழ்வோர் நிலை இன்னும் இடர் மிக்கது. திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து ஆண்டின் சில மாதங்கள் தங்கி உழைக்கும் குடும்பங்கள் உள்ளன. ஊரின் குடும்பப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லையெனில், அங்குள்ள குழந்தைக்குத் தடுப்பூசி விடுபட்டாலும் ஊரின் தடுப்பூசி அளவு நூறு விழுக்காடு என்றே பதிவேடு காட்டும். எண்ணப்படாத குழந்தை குறையாகவும் எண்ணப்படுவதில்லை. சூளை தொடங்கும் பருவத்தில் அங்கு நேரில் சென்று பெயர்களைச் சேர்க்கும் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் விழுக்காடு குறையும். அவரது பதிவேடே நம்பத்தக்கது என்பதை மேற்பார்வையாளர் உணர்ந்திருக்க வேண்டும்.

2021இல் நடைபெற வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றினால் தள்ளிப்போனது. ஆதலால் பல கணக்குகளுக்கு 2011ஆம் ஆண்டு எண்ணிக்கையிலிருந்து மதிப்பிட்ட மக்கள்தொகையே பகுதியாகப் பயன்பட்டு வந்துள்ளது. உரிய ஆண்டின் சூலை முதல் நாளில் இருந்ததாக மதிப்பிடப்படும் மக்கள்தொகைக்கு நடுவாண்டு மக்கள்தொகை என்று பெயர்.

இரண்டு ஊர்கள்

கற்பனையான இரண்டு ஊர்களைக் கொண்டு இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிழக்கூர், மேற்கூர் ஆகிய இரண்டிலும் தலா 5,000 பேர் வாழ்கின்றனர். கிழக்கூரின் இளைஞர் பலர் வேலைக்காக வெளியூர் சென்றுவிட்டனர். அங்கே 15 வயதிற்குட்பட்டோர் 1,000 பேர், 15 முதல் 59 வயது வரை 2,800 பேர், 60 வயதைக் கடந்தோர் 1,200 பேர். மேற்கூரில் இவ்வெண்ணிக்கை முறையே 1,500, 3,000, 500.

ஓராண்டில் கிழக்கூரில் இம்மூன்று பிரிவுகளிலும் முறையே 2, 7, 42 என மொத்தம் 51 பேர் இறந்தனர். மேற்கூரில் 6, 12, 22 என மொத்தம் 40 பேர் இறந்தனர். மொத்த இறப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கக் கிடைப்பது செப்பனிடப்படாத இறப்பு வீதம். அது கிழக்கூரில் 10.2; மேற்கூரில் 8.0. கூடுதலாக ஒரு செவிலியரை நியமிக்கும் வாய்ப்பு வட்டார மருத்துவ அலுவலருக்குக் கிடைத்து, இவ்வெண்களை மட்டுமே அவர் பார்த்தாரெனில் அச்செவிலியர் கிழக்கூருக்கே அனுப்பப்படுவார்.

இனி வயதுவாரியாகப் பார்க்கலாம். பிள்ளைகளிடையே ஆயிரத்திற்கு இறந்தோர் கிழக்கூரில் 2, மேற்கூரில் 4. உழைக்கும் வயதினரிடையே 2.5, 4. முதியோரிடையே 35, 44. ஒவ்வொரு வயதிலும் மேற்கூரின் நிலையே மோசமானது. பிள்ளைகள் அங்கே இருமடங்கு வீதத்தில் இறக்கின்றனர். இவ்வுண்மையை அவ்வூரின் இளமையான மக்கள்தொகை மறைத்துவிட்டது.

இரண்டு ஊர்களையும் ஒரே அமைப்புடைய மக்கள்தொகையில் பொருத்திப் பார்ப்பதே தரப்படுத்துதல். இரண்டையும் கூட்டினால் 2,500, 5,800, 1,700 என 10,000 பேர் கிடைப்பர். இப்பொதுமக்கள்தொகையில் கிழக்கூரின் வீதங்கள் நிலவினால் 5, 14.5, 59.5 என மொத்தம் 79 இறப்புகள் நிகழும். மேற்கூரின் வீதங்கள் நிலவினால் 10, 23.2, 74.8 என 108 இறப்புகள் நிகழும். தரப்படுத்திய இறப்பு வீதம் கிழக்கூருக்கு 7.9, மேற்கூருக்கு 10.8. வரிசை தலைகீழாக மாறிவிட்டது.

செப்பனிடப்படாத வீதம் பயனற்றது என்று இதனால் கருதிவிடலாகாது. கிழக்கூரில் 1,200 முதியோர் இருப்பதும் அங்கே ஆண்டுக்கு 42 முதியோர் இறப்பதும் மெய்யே. இல்லத்திற்குச் சென்று வழங்கும் பராமரிப்பு, படுக்கைப்புண் கவனிப்பு, வலிதணிப்பு ஆகியவற்றிற்குத் திட்டமிடுவோருக்கு அவ்வெண்களே தேவை. எந்தக் கேள்விக்கு எந்த எண் விடை தரும் என்று தெரிந்திருந்தால் போதும்.

சிசு இறப்பு வீதத்தின் பகுதியில் மொத்த மக்கள்தொகை இடம்பெறுவதில்லை. உயிருடன் பிறந்த குழந்தைகளே இடம்பெறுகின்றனர். ஆகவே முதியோர் எண்ணிக்கை அதனைக் கலைப்பதில்லை. மாநிலங்களின் நலத்தை ஒப்பிட அது பெரிதும் கையாளப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனினும் சிற்றூர் அளவில் அதனைக் கையாளுங்கால் எச்சரிக்கை தேவை. 5,000 பேர் வாழும் ஊரில், தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பிறப்பு வீதமாகிய 13.8ஐக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 69 குழந்தைகள் பிறக்கும். ஒரு குழந்தை இறந்தால் வீதம் 14.5, எதுவும் இறவாவிடில் சுழியம். ஒரே ஆண்டின் வீதத்தைக் கொண்டு ஒரு செவிலியரின் உழைப்பைப் பாராட்டுவதும் கண்டிப்பதும் முறையாகா. பல ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதோடு, ஒவ்வொரு சிசு இறப்பையும் தனித்தனியே ஆய்வு செய்தலும் வேண்டும்.

நோயுற்றோரை எண்ணுதல்

ஒரு காலப்பகுதியில் புதிதாக நோயுற்றோரின் வீதம் நோய் நிகழ்வு வீதம். ஒரு குறிப்பிட்ட நாளில் நோயோடு வாழ்வோர் அனைவரின் வீதம் நோய் இருப்பு வீதம். குளத்தில் ஓடும் வாய்க்கால் நீரையும், குளத்தில் தேங்கி நிற்கும் நீரையும் இவற்றிற்கு உவமையாகக் கூறலாம். குணமாதலும் இறத்தலும் குளத்தின் மதகுகள்.

முப்பது வயதைக் கடந்த 3,000 பேர் உள்ள ஓரிடத்தில், சனவரி முதல் நாளன்று 240 பேருக்கு நீரிழிவு இருந்ததெனக் கொள்வோம். இருப்பு வீதம் ஆயிரத்திற்கு 80. அவ்வாண்டில் மேலும் 30 பேருக்கு நோய் தோன்றினால், நிகழ்வு வீதத்தைக் காண 30ஐ 3,000ஆல் வகுத்தல் பிழை. முன்னரே நோயுள்ள 240 பேர் புதிதாக நோயுற இயலாது. எஞ்சிய 2,760 பேரால் வகுக்க, ஆயிரத்திற்கு 10.9 என்பது விடை. தேர்வில் மிகுதியாக நேரும் பிழை இதுவேயாதலின் மாணவர்கள் ஒருமுறை செய்து பார்த்தல் நன்று.

நல்ல சிகிச்சை நோய் இருப்பு வீதத்தை உயர்த்துவதும் உண்டு. எய்ட்சு நோய்க்குக் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்த பின், முன்பு விரைவில் இறந்தவர்கள் பல்லாண்டு வாழ்கின்றனர். எனவே நோயோடு வாழ்வோர் தொகை பெருகுகிறது. தேடல் மிகுந்தாலும் எண் உயரும். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று உயர் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கண்டறிகின்றனர். அத்தகைய ஊரில் நோயாளர் பட்டியல் நீள்வது, நோய் புதிதாகப் பரவியதைக் காட்டுவதாகாது. நெடுநாள் அறியாதிருந்தது இப்போது அறியப்பட்டது.

நோய்ச் சுமையை அளத்தல்

இறப்புகளை மட்டும் எண்ணினால், இரண்டு வயதுக் குழந்தையின் இறப்பும் எழுபத்திரண்டு வயது முதியவரின் இறப்பும் ஒவ்வொன்றே. உயிரைப் போக்காமல் உடலை நலிவிக்கும் இரத்தசோகை, மனச்சோர்வு, முதுகுவலி, பார்வையிழப்பு ஆகியவை கணக்கிலேயே வாரா. இக்குறையைப் போக்க, கிறிஸ்டோபர் மர்ரி, ஆலன் லோப்பஸ் ஆகியோர் வகுத்த அளவை, உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கையில் இடம்பெற்றது. இயலாமையைக் கணக்கிற்கொண்ட இழந்த வாழ்வாண்டுகள் என்னும் பொருளுடைய அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி டாலி என்பர். ஒரு டாலி என்பது நலமாக வாழ்ந்திருக்க வேண்டிய ஓராண்டின் இழப்பு.

அதில் இரு பகுதிகள் உண்டு. முன்கூட்டிய இறப்பால் இழந்த ஆண்டுகள் ஒன்று. கணக்கின் எளிமைக்காக 80 ஆண்டுகளை முழுவாழ்நாளாகக் கொண்டால், மேற்கூறிய குழந்தையின் இறப்பால் இழந்தவை 78 ஆண்டுகள். முதியவரின் இறப்பால் 8 ஆண்டுகள். இயலாமையோடு வாழ்ந்த ஆண்டுகள் மற்றொன்று. முழுநலத்திற்குச் சுழியம் என்றும் இறப்பிற்கு ஒன்று என்றும் கொண்டு, ஒவ்வொரு நோய்நிலைக்கும் இடையில் ஓர் எடை தரப்படுகிறது. பக்கவாதத்திற்கு 0.4 என எடுத்துக்கொண்டால், அதனோடு 20 ஆண்டுகள் வாழ்ந்தவரின் இழப்பு 8 ஆண்டுகள்.

இரத்தசோகைக்கு 0.05 என்னும் சிறிய எடையையே தருவோம். ஓராண்டு முழுதும் 600 பெண்கள் அதனால் வருந்தினால் இழப்பு 30 ஆண்டுகள். ஐம்பது வயதில் ஒருவர் சாலை விபத்தில் இறந்தால் ஏற்படும் இழப்பும் 30 ஆண்டுகளே. விபத்துச் செய்தி ஊர் முழுதும் பேசப்படுகிறது. களைப்போடு வயலுக்கும் அடுக்களைக்கும் நடக்கும் அறுநூறு பெண்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள்.

இந்த எடைகளை மனிதர்களே முடிவு செய்கின்றனர் என்பதை மறத்தலாகாது. தொடக்கக் காலத்தில் இளவயதினரின் ஓராண்டிற்குக் குழந்தை அல்லது முதியவரின் ஓராண்டைவிட மிகுந்த மதிப்புத் தரப்பட்டது. அது முறையன்று என்ற எதிர்ப்பு எழுந்ததால், 2010ஆம் ஆண்டிற்கான உலக நோய்ச்சுமை ஆய்வில் அவ்வேறுபாடு கைவிடப்பட்டது. மாற்றுத்திறனாளர் வாழ்வை ஓர் எண்ணால் குறைத்து மதிப்பிடுவது தகுமா என்ற வினாவும் இன்றளவும் எழுப்பப்படுகிறது.

2017இல் வெளியான மாநிலவாரி நோய்ச்சுமை ஆய்வு, இந்தியாவின் மொத்த டாலி இழப்பில் தொற்றுநோய், பேறுகாலம், பிறந்த குழந்தை, ஊட்டக்குறைவு சார்ந்தவற்றின் பங்கு 1990இல் 61 விழுக்காடாக இருந்து 2016இல் 33ஆகக் குறைந்தது என்று காட்டியது. இதே காலத்தில் தொற்றா நோய்களின் பங்கு 30இலிருந்து 55ஆக உயர்ந்தது. மக்கள்தொகைக் கூம்பின் மாற்றமும் இதற்கு ஒரு காரணம். தடுப்பூசியும் தாய்சேய் நல அட்டையும் நிரம்பிய செவிலியரின் பையில் இரத்த அழுத்தமானியும் சர்க்கரை அளவுமானியும் இடம்பிடித்தது இவ்வாறே.

செயல்பாடு

மாணவர்கள் நால்வர் கொண்ட குழுவாகத் தம் தெருவில் ஐம்பது வீடுகளின் உறுப்பினர்களை வயது, பால் வாரியாகக் கணக்கிட்டு, ஐந்தாண்டு இடைவெளியில் வயது-பால் கூம்பு வரைக. வாடகைக்குக் குடியிருப்போர், பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருப்போர், வெளியூரில் வேலைபார்ப்போர் ஆகியோரைச் சேர்ப்பதா விடுவதா என்பதைத் தொடங்குமுன் முடிவு செய்து, அம்முடிவைப் படத்தின் கீழே எழுதுக. அடுத்த தெருவைக் கணக்கிட்ட குழுவின் படத்தோடு ஒப்பிடுமுன், அவர்களும் அதே முடிவை மேற்கொண்டனரா என்று கேட்டறிக.